தலைக்கவசத்திற்கு ஒரு தேர்வு

எங்கள் ஊராகிய உறையூர் துணிக்குப் பெயர் பெற்ற ஊர். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற ‘பெரிப்ளுஸ்’ என்னும் கடற்பயண நூல், ‘அர்காரு’ என்னும் இடத்து மெல்லிய துணிகளைப் பற்றிக் கூறுகிறது. அவ்விடம் உறையூரே என்று அறிஞர் பலர் கருதுவர். இன்றும் எங்கள் ஊரார் ஒருவர் புடவை எடுக்கப் போனால், முந்தானையை விரித்துப் பார்ப்பார். இழையை விரலால் நெருடிப் பார்ப்பார். சாயம் போகுமா என்று கேட்பார். நான்கு கடை ஏறி இறங்கிய பிறகே பணத்தை வெளியில் எடுப்பார். அதே மனிதர் தம் மகனுக்கு ஹெல்மெட் எனப்படும் தலைக்கவசம் வாங்கும்போது, சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி, இருக்கையை விட்டு இறங்காமலே, “எது மலிவு?” என்று கேட்டு, ஒரு நிமிடத்தில் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். இந்த முறை சரிதானா என்பதை மாணவர்களாகிய உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்கவே இன்று பேச வந்தேன்.

எனக்கு இந்த எண்ணம் பிறந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என்னிடம் எட்டாம் வகுப்பில் படித்த பிள்ளை ஒருவன். கணக்கில் கூர்மையானவன். கரும்பலகையில் நான் கணக்கை எழுதி முடிக்குமுன் விடையைச் சொல்லிவிடுவான். பட்டப்படிப்பு முடித்து வேலைக்குச் சென்றுகொண்டிருந்தான். ஒருநாள் மாலை மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது, குறுக்கே வந்த மாட்டுக்காக வண்டியைத் திருப்பி, சாலையின் நடுத்தடுப்பில் மோதி விழுந்தான். உயிர் பிழைத்தான். ஆனால் இன்று கடையில் கொடுத்த பணத்திற்கு மீதி எவ்வளவு என்று அவனால் கணக்கிட முடிவதில்லை. நான் பார்க்கப் போனால் சிரிக்கிறான். என் பெயர் அவன் நினைவுக்கு வருவதில்லை.

அவனிடம் தலைக்கவசம் இல்லாமல் இல்லை. இருந்தது, பெட்ரோல் தொட்டியின்மேல் இருந்தது. “நெற்றியை அழுத்துது, காதுக்குள்ள ஒரே இரைச்சலா இருக்குதுன்னு, போலீஸ் நிக்கிற இடம் தாண்டினதும் கழற்றி வச்சுடுவான், சார்” என்று அவன் தாயார் சொன்னார். அன்று எனக்கு ஓர் உண்மை விளங்கியது. தலைக்கவசத்தில் சுகம் என்பது ஆடம்பரம் அன்று. உறுத்துகிற கவசம் தலையில் நிற்காது. தலையில் நிற்காத கவசம் எவ்வளவு உறுதியானதாயினும் பயன்படாது.

சட்டம் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு, ஓட்டுபவரும் பின்னால் அமர்பவரும் கவசம் அணிய வேண்டும் என்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணையை ஒட்டித் தமிழ்நாட்டில் 2015 ஜூலை 1 முதல் இது கண்டிப்புடன் வலியுறுத்தப்பட்டது. ஆனால் சட்டம் நாற்சந்தி வரைக்கும்தான் துணைக்கு வரும். அதற்கு அப்பால் துணை வர வேண்டியது, கழற்றத் தோன்றாத கவசமே.

கவசம் என்ன செய்கிறது? மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவன் நொடிக்கு 11 மீட்டர் கடக்கிறான். அந்த வேகத்தில் ஒரு தடுப்பின்மேல் மோதுவது, ஏறத்தாழ 20 அடி உயரத்திலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். உங்கள் இயற்பியல் பாடத்தைக் கொண்டே இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவன் கையைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிறான் அல்லவா? பந்து நிற்க எடுத்துக்கொள்ளும் நேரம் நீள்வதால், கை தாங்க வேண்டிய விசை குறைகிறது. கவசத்தின் உள்ளே இருக்கும் தெர்மாகோல் அந்த வேலையைத்தான் செய்கிறது. அது நசுங்கி, மூளைக்குச் சிறிது நேரம் வாங்கித் தருகிறது. ஒருமுறை நசுங்கினால் மீண்டும் உப்பாது. ஆதலால் விழுந்து அடிபட்ட கவசம், வெளியே கீறல் இல்லாவிடினும், தன் கடமையை முடித்துவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

இந்த அறிவு உலகிற்கு எளிதில் வரவில்லை. ‘அரேபியாவின் லாரன்ஸ்’ என்று புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ், 1935 மே மாதம் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து, 46ஆம் வயதில் இறந்தார். அவர் தலையில் கவசம் இல்லை. அவருக்கு மருத்துவம் பார்த்தவர்களுள் ஹியூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை அறுவை மருத்துவரும் ஒருவர். அவர் மோட்டார் சைக்கிள் ஓட்டுநரின் தலைக்காயங்களை ஆராய்ந்து, 1941இல் தம் கட்டுரையை வெளியிட்டார். அவ்வாண்டிலேயே பிரிட்டிஷ் இராணுவம், செய்தி கொண்டு செல்லும் தன் வீரர்களுக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கிற்று. உலகின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுரை, கவசம் அணிவதால் விபத்தில் சிக்கியவர் இறக்கும் வாய்ப்பு 42 விழுக்காடும், தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு 69 விழுக்காடும் குறைவதாகக் கூறுகிறது.

இனி என் தேர்வுக்கு வருகிறேன். ஓய்வு பெற்ற பிறகு, சமயபுரத்திற்கு அப்பால் ஒரு சிற்றூரில் பிள்ளைகளுக்கு வாரம் இருமுறை கணக்குச் சொல்லித்தரப் போகிறேன். என் பழைய கவசத்தின் உட்பஞ்சு தளர்ந்துவிட்டது. புதியது ஒன்று 2,200 ரூபாய்க்கு வாங்கினேன். முகம் முழுவதையும் மூடும் வகை அது. ஆசிரியனாக இருந்த பழக்கம் விடுமா? ஒரு மாதம் அணிந்து பார்த்து மூன்று பாடங்களில் மதிப்பெண் இட்டேன்.

மூன்று பாடங்களுக்கு முன் ஒரு நுழைவுத் தேர்வு உண்டு. ஐ.எஸ். 4151 என்னும் இந்தியத் தர விதிப்படி ஐ.எஸ்.ஐ. முத்திரை கவசத்தில் இருக்க வேண்டும். 2021 ஜூன் 1 முதல் இம்முத்திரை இல்லாத இருசக்கர வாகனத் தலைக்கவசத்தை விற்பதே குற்றம். முத்திரை இல்லாதது தேர்வுக்கூடத்திற்குள்ளேயே நுழையக்கூடாது.

முதற்பாடம், சுகம். கடைக்குப் போகுமுன் தையற்காரரின் அளவு நாடாவால், புருவத்திற்கு ஓர் அங்குலம் மேலே தலையைச் சுற்றி அளந்துகொண்டேன், 58 சென்டிமீட்டர். அந்த அளவுள்ள இரண்டு கவசங்களை அணிந்து, ஒவ்வொன்றோடும் கால் மணி நேரம் கடையிலேயே உட்கார்ந்திருந்தேன். கடைக்காரருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் முதற்கவசம் பத்தாம் நிமிடத்தில் நெற்றியில் ஒரே இடத்தில் வலித்தது. அளவு ஒன்றாயினும் தலையின் வடிவம் வேறு. சிலருக்கு உருண்டை, சிலருக்கு நீள்வட்டம். இரண்டாவது கவசம் கன்னத்தை இறுக்கிற்று, நெற்றியில் வலிக்கவில்லை. கன்னத்துப் பஞ்சு நாளடைவில் இளகும். நெற்றி வலி இளகாது. தலையை ஆட்டினால் கவசம் தனியே ஆடக்கூடாது. வாரை மாட்டியபின் பின்புறம் பிடித்து முன்னுக்குத் தள்ளினால் கழன்று வரக்கூடாது. இவற்றில் எல்லாம் அது தேறியது. குறையும் உண்டு. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் அணிய வேண்டும். பிறகு அதை உள்ளே செருக வேண்டும். திருச்சியின் மே மாத நண்பகலில், வண்டி நிற்கும்போது உள்ளே வியர்த்துக் கொட்டுகிறது. ஓடும்போது காற்றுத் துளைகள் ஓரளவு உதவுகின்றன. உட்துணியைக் கழற்றித் துவைக்க முடிவதால் வியர்வை நாற்றம் தங்கவில்லை. நூற்றுக்கு 75 கொடுத்தேன்.

இரண்டாம் பாடம், ஒலி. உறையூரிலிருந்து சாலை ரோடு வழியாகச் சிந்தாமணி அண்ணா சிலை வரையில் வேகம் 30ஐத் தாண்டுவதில்லை. அங்கே கவசம் ஊரின் இரைச்சலைக் குறைத்து இதமாகவே இருந்தது. காவிரிப் பாலத்தில் குறுக்குக் காற்று அடித்தபோது மெல்லிய சீழ்க்கை ஒன்று எழுந்தது. திருவானைக்காவல் கடந்து, கொள்ளிடப் பாலம் தாண்டி, நெடுஞ்சாலையில் 60ஐத் தொட்டதும் இரைச்சல் மிகுந்தது. அது எஞ்சினின் ஒலி அன்று, காற்றின் ஒலி. பெரும்பகுதி மோவாய்க்குக் கீழே கழுத்தோரத்தில் சுழலும் காற்றால் எழுவது. ஒரு பருத்தித் துண்டைக் கழுத்தில் சுற்றி, முனைகளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். இரைச்சல் தெளிவாகக் குறைந்தது.

இதைச் சிறு செய்தி என்று எண்ணாதீர்கள். 85 டெசிபல் ஒலியை நாளுக்கு 8 மணி நேரம் வரை காது தாங்கும் என்பதும், அதற்குமேல் 3 டெசிபல் ஏறும்தோறும் அந்த நேரம் பாதியாகும் என்பதும் ஒலியியலார் பலர் கொள்ளும் கணக்கு. மணிக்கு 100 கிலோமீட்டரில் கவசத்திற்குள் காற்றொலி 90 டெசிபலைத் தாண்டிவிடும். ஆதலால் காதுக்கு முதல் மருந்து வேகத்தைக் குறைப்பதே. “கவசம் போட்டால் ஹாரன் கேட்காது” என்போருக்கும் ஒரு விடை: கவசம் ஹாரனை மட்டும் குறைப்பதில்லை; சுற்றியுள்ள இரைச்சலையும் சேர்த்தே குறைக்கிறது. பின்னால் வந்த பேருந்துகளின் ஹாரனை நான் ஒருநாளும் கேளாமல் இருந்ததில்லை. இப்பாடத்தில் 55 மதிப்பெண்.

மூன்றாம் பாடம், விலைக்கேற்ற பயன். 2,200 ரூபாயை ஐந்து ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு 440 ரூபாய். நாளொன்றுக்கு ஒன்றே கால் ரூபாயினும் குறைவு. ஒரு குவளைத் தேநீருக்கு நாம் இதைவிடப் பன்மடங்கு கொடுக்கிறோம். முன்பு நான் சாலையோரத்தில் 300 ரூபாய்க்கு வாங்கிய கவசம் ஒன்றின் வார், இரண்டாம் மாதமே கையோடு வந்துவிட்டது. அதை மலிவு என்று எப்படிச் சொல்வது? அதே சமயம், படமும் வண்ணமும் தீட்டிய பல ஆயிரம் ரூபாய்க் கவசம்தான் உயிர் காக்கும் என்பதும் இல்லை. முத்திரை பெற்று, உங்கள் தலைக்குப் பொருந்தி, கழற்றத் தோன்றாமல் இருப்பது எதுவோ அதுவே நல்ல கவசம். இப்பாடத்தில் 85 கொடுத்தேன்.

இந்த மதிப்பெண்களைச் சிற்றூர்ப் பிள்ளைகளிடம் சொன்னபோது ஒருவன் எழுந்தான். “உங்க ஊர் வெக்காளியம்மனுக்கே கூரை கிடையாதே, சார். நமக்கு எதுக்குத் தலையில மூடி?” என்றான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். பிறகு சொன்னேன்: “தம்பி, வீடிழந்த மக்களுக்கெல்லாம் வீடு கிடைக்கும் வரையில் தனக்குக் கூரை வேண்டாம் என்று அம்மன் வெட்டவெளியில் அமர்ந்திருப்பதாக எங்கள் ஊரில் கதை சொல்வார்கள். அவள் பிறருக்காக வெயில் தாங்குகிறாள். நீ வெறுந்தலையோடு போவது யாருக்காக?” அவன் விடை சொல்லாமல் அமர்ந்துவிட்டான்.

மாணவர்களே, அடுத்த முறை உங்கள் வீட்டில் கவசம் வாங்கும்போது நீங்களும் உடன் செல்லுங்கள். அளவு நாடாவை எடுத்துச் செல்லுங்கள். கடையில் கால் மணி நேரம் அணிந்து பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். அந்தக் கால் மணியை என் மாணவனும் செலவிட்டிருந்தால், இன்று நான் போகும்போது என்னைப் பெயர் சொல்லி வரவேற்றிருப்பான்.