உழவு நடத்தும் மகளிர்க்கு உற்ற துணை எது?

(செகந்திராபாத் இரயில்வே காலனியில், தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பாட்டும் நாடகமும் பரிசளிப்பும் நிறைந்த இவ்விழாவில், சரக்கு அலுவலக எழுத்தர் ஒருவர் எழுந்து வேளாண்மை பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். பத்தாம் வகுப்புக்கு மேல் படியாத நமக்கு மேடைப் பழக்கமும் இல்லை. மூட்டைகளை எண்ணுவதும், இரசீது எழுதுவதும், வேகன் வந்த நேரத்தைக் குறிப்பதுமே நம் தொழில். ஆயினும், அம்மூட்டைக்குள் இருக்கும் தானியத்தை விளைவித்தவர் யார் என்று எண்ணிப் பார்க்க ஒரு வாய்ப்பு நேர்ந்தது. அவ்வெண்ணம் சுற்றி வந்து நம் வீட்டு வாசலிலேயே நின்றது. அதனைச் சொல்லவே இங்கு நிற்கிறோம்.

நாற்று நடுவதும், களை பறிப்பதும், விதை பேணுவதும், ஆடு மாடு காப்பதும் பெரும்பாலும் பெண்களே என்பதை ஊரில் பிறந்த எவரும் அறிவர். ஆனால் 2015-16-ஆம் ஆண்டின் வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி, இந்நாட்டின் சாகுபடி உடைமைகளில் பெண்கள் பொறுப்பில் நடப்பவை நூற்றுக்குச் சுமார் 14 மட்டுமே. பரப்பளவில் பார்த்தால் நூற்றுக்கு 12-க்கும் குறைவு. உழைப்பவள் ஒருத்தி, ஏட்டில் உழவர் என்று எழுதப்படுபவர் வேறொருவர் என்னும் நிலை இதனால் விளங்கும்.

நாம் வாழும் இச்செகந்திராபாத்திலிருந்து விகாராபாத் வழியாகப் பரளி செல்லும் பாதையில் ஜகீராபாத் என்னும் நிலையம் இருக்கிறது. முன்னர் மேடக் மாவட்டத்தில் இருந்த அவ்வூர், 2016 முதல் சங்காரெட்டி மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கே 1983-ல் தோன்றிய தக்காண வளர்ச்சிச் சங்கம் என்னும் தொண்டு நிறுவனம், ஊர்தோறும் ஏழை மகளிரைச் சங்கங்களாகச் சேர்த்தது. அவர்களுள் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட குலங்களைச் சேர்ந்தவர்கள். எழுதப் படிக்க அறியாதவர் பலர். உடன் பணிபுரியும் நண்பர் ஒருவரின் ஊர் அப்பக்கம் ஆகையால், சென்ற ஆண்டு தை மாதத்தில் விடுமுறை நாளொன்றில் அவருடன் அங்குச் சென்று வந்தோம்.

செம்மண் நிலம், கிணறு இல்லை, கால்வாய் இல்லை. ஆயினும் ஒரே வயலில் சோளமும் துவரையும் தினையும் மொச்சையும் கொள்ளும் என, பத்துக்கு மேற்பட்ட பயிர்கள் கலந்து வளர்வது அவ்வூர் வழக்கம். மழை பொய்த்தால் ஒன்று போகும், மற்றொன்று நிற்கும். துவரையும் மொச்சையும் மண்ணுக்கு உரம் ஊட்டும். பனி ஈரத்தைக் கொண்டே விளையும் குளிர்காலப் பயிர்களை அவர்கள் ‘சத்தியப் பயிர்கள்’ என்று தெலுங்கில் அழைக்கின்றனர். விதைகளைச் சாம்பலும் வேப்பிலையும் இட்டு, மண் பூசிய கூடைகளில் காத்து வைக்கின்றனர். விதை இல்லாதவள் சங்கத்தில் வாங்கி விதைப்பாள்; அறுவடைக்குப் பின் சற்றுக் கூட்டியே திருப்பி அளப்பாள். இம்மகளிர் சங்கங்களின் பணிக்காக 2019-ல் ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டம் ‘ஈக்குவேட்டர் பரிசு’ வழங்கிற்று.

இவையெல்லாம் வெறும் ஊக்கத்தால் மட்டும் நடந்தவை அல்ல, பணமும் வேண்டியிருந்தது. நிலமில்லா மகளிர் குழுவாகச் சேர்ந்து நிலம் வாங்க, ஒரு பகுதி மானியமாகவும் ஒரு பகுதி கடனாகவும் தரும் அரசுத் திட்டம் ஒன்று அப்போது ஆந்திர மாநிலத்தில் இருந்தது. அதனைப் பற்றிக்கொண்டு அம்மகளிர் பல ஊர்களில் நிலம் பெற்றனர். 1990-களின் நடுவில், மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் உதவியுடன் மற்றொரு முயற்சியும் நடந்தது. தரிசாகக் கிடந்த நிலங்களை உழவும், எருவிடவும், களையெடுக்கவும் சிறு உழவர்க்குச் சங்கம் முன்பணம் தந்தது. அக்கடன் பணமாக அன்றிச் சோளமாகத் திரும்பி வந்தது. அச்சோளம் ஊரிலேயே சேமிக்கப்பட்டு, பஞ்ச மாதங்களில் ஏழைகளுக்குக் குறைந்த விலையில் அளக்கப்பட்டது. யார் மிக ஏழை என்று முடிவு செய்தவர்களும் அப்பெண்களே.

இதிலிருந்து நாம் கற்பவை மூன்று. முதலாவது, கடன் பருவத்தோடு வரவேண்டும். ஆடியில் விதைக்க வேண்டியவளுக்குப் புரட்டாசியில் வரும் பணத்தால் பயனில்லை. இரண்டாவது, பொறுமை வேண்டும். இரசாயன உரத்துக்குப் பழகிய மண் தேற இரண்டு மூன்று ஆண்டுகள் செல்லும். அதற்குள் முழுக் கடனையும் கேட்டால், அவள் மீண்டும் பழைய வழிக்கே திரும்புவாள். மூன்றாவது, தனித்து நிற்பவளைக் காட்டிலும் குழுவாக நிற்பவளுக்கு நம்பிக்கை பெரிது. கேரளத்தில் 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கத்தில், நான்கு முதல் பத்துப் பெண்கள் வரை ஒரு குழுவாகக் கூடி, குத்தகை நிலத்தில் பயிரிட்டு, ஒருவருக்கொருவர் பிணை நின்று வங்கியில் கடன் பெறுகின்றனர். பட்டா இல்லாதவர்க்கும் கதவு திறக்கும் வழி அது.

அன்பர்களே! ஜகீராபாத்தில் களத்துமேட்டில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், நாம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் விடை சொல்லிவிட்டு, “உங்கள் ஊரில் உங்கள் நிலத்தைப் பயிரிடுவது யார்?” என்று வினவினார். “தங்கை” என்றோம். “நிலம் யார் பெயரில் இருக்கிறது?” என்றார். அதற்கு விடை சொல்ல நமக்கு நா எழவில்லை.

துறையூர்ப் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரிப் புன்செய் உண்டு. நாங்கள் சகோதரர் இருவர், தங்கை ஒருத்தி. தாய் தந்தையர் மறைந்தபின் வாரிசுச் சான்றிதழில் மூவர் பெயரும் இருந்தும், பட்டாவில் எங்கள் இருவர் பெயர் மட்டுமே ஏறிற்று. கணவனை இழந்து மகனோடு ஊர் திரும்பிய தங்கையே அந்நிலத்தில் பாடுபட்டாள். மக்காச்சோளத்துக்கு உரக்கடன் ஏறிக்கொண்டே போவதைக் கண்டு, கம்பும் சாமையும் துவரையும் கலந்து விதைக்க விரும்பினாள். வரப்பு உயர்த்தவும், இரண்டு நாட்டு மாடுகள் வாங்கவும், மண்புழு உரக்குழி அமைக்கவும் எழுபதாயிரம் ரூபாய் வேண்டும் என்று வங்கிக்குச் சென்றாள். பட்டாவில் உள்ளவர்கள் நேரில் வந்து கையொப்பமிட வேண்டும் என்றனர். அவள் மும்முறை தொலைபேசியில் அழைத்தாள். “அடுத்த விடுமுறையில் பார்ப்போம், அம்மா” என்று மும்முறையும் சொன்னோம். இரண்டு ஆடிப் பட்டங்கள் கடந்தன. அவள் தோட்டை விற்று, போதாததற்கு மூன்று வட்டிக்குக் கடன் வாங்கினாள் என்பதைப் பின்னரே அறிந்தோம். இங்கே நாம் பஞ்சப்படியைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இதில் சட்டத்தின் குறை ஏதுமில்லை. பெண்களுக்கும் கூட்டுக்குடும்பச் சொத்தில் சமபங்கு உண்டென ஆந்திர மாநிலம் 1986-லும், தமிழ்நாடு 1989-லும் சட்டம் செய்தன. 2005-ல் அது நாடு முழுமைக்கும் ஆயிற்று. 2020-ல் உச்ச நீதிமன்றம் அதனை மேலும் உறுதி செய்தது. கும்பகோணத்தில் பிறந்த விஞ்ஞானி எம். எஸ். சுவாமிநாதன் அவர்கள், உழவு செய்யும் பெண்ணுக்கு உழவர் என்னும் சான்று வழங்க வேண்டும் என 2012-ல் மாநிலங்களவையில் தனி உறுப்பினர் மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். அது சட்டமாகாமலே காலாவதியாயிற்று. பட்டா இல்லாத உழத்திக்கு இன்றும் வழி கடினமே. ஆனால் நம் தங்கைக்குத் தடையாக இருந்தது அரசன்று, வங்கியன்று; அவள் உடன்பிறந்த நாங்களே.

பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊர் சென்றோம். அண்ணனாருக்கு முதலில் மனம் இசையவில்லை. “பணி ஓய்வு பெற்று ஊர் திரும்பினால் நமக்கென்று என்ன இருக்கும்?” என்றார். அயலூரில் பிழைக்கும் நம் எல்லோர் நெஞ்சிலும் உள்ள அச்சம் அது. அதனை இகழ்ந்துரைக்க நாம் துணியோம். இரண்டு நாள் பேசிய பின், வீட்டு மனை மூவர்க்கும் பொதுவென வைத்துக்கொண்டு, புன்செயில் எங்கள் பங்குகளுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்தோம். அவளுக்குரிய மூன்றில் ஒரு பங்கு முன்னரே அவளுடையது. அதனை நாங்கள் தந்ததாகச் சொல்லிக்கொள்வதற்கில்லை. பட்டா மாறிற்று; வைகாசியில் வங்கிக் கடனும் கிடைத்தது. முதலாண்டு விளைச்சல் குறைவுதான். ஆயினும் மூன்று வட்டிக் கடன் அடைந்தது. உரக்கடைக் கணக்கு நின்றது. அடுத்த பருவத்துக்கு விதை வீட்டிலேயே இருக்கிறது.

2026-ஆம் ஆண்டை மகளிர் உழவர் ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்துள்ளது. அதற்கு நம் சங்கம் செய்யக்கூடியவை இரண்டு உண்டு. தமிழ்நாட்டின் பட்டா விவரங்களை இப்போது இணையத்தில் எவ்வூரிலிருந்தும் பார்க்கலாம். மாதத்தின் முதல் ஞாயிறன்று மாலையில் சங்க அலுவலகத்தில் அமர்ந்து, விரும்புவோர்க்கு அதனைப் பார்த்துச் சொல்லவும், மனு எழுதிக் கொடுக்கவும் நாம் இருக்கிறோம். அடுத்து, நம் பொங்கல் விருந்துக்கு வேண்டும் தினையையும் துவரையையும் ஜகீராபாத் மகளிரிடமே வாங்குவோமாக. விளைந்ததை வாங்குவோர் இல்லையெனில் எக்கடனும் சுமையே ஆகும்.

இன்றிரவு வீடு சென்றதும், ஊரில் உள்ள தாயையோ தமக்கையையோ தங்கையையோ அழைத்து, “நிலம் யார் பெயரில் இருக்கிறது?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். விடை கேட்டு நம்மைப் போல் நா எழாமல் நிற்போர் இருப்பின், விடுப்பு விண்ணப்பத்தை நாளையே எழுதுங்கள். அடுத்த ஆடிக்கு இன்னும் நாள் இருக்கிறது.