பொன்முகலி போய்ச் சேரும் கடல்



கடல்வாழ் உயிர்களைப் பற்றிய கருத்தரங்கைத் திருப்பதியிலா வைப்பார்கள் என்று அழைப்பிதழைப் பார்த்த சிலர் என்னிடம் கேட்டார்கள். நானும் சித்தூர்க்காரன்தான். கடலை முதன்முதலில் பார்த்தபோது எனக்குப் பதினேழு வயது. அன்றைய எங்கள் மாவட்டத்துக்குக் கடற்கரை என்று ஒரு சாண் நிலம்கூடக் கிடையாது. 2022 ஏப்ரல் 4ஆம் தேதி சித்தூரிலிருந்து திருப்பதி மாவட்டம் பிரிந்தது. அப்போது நெல்லூரிலிருந்து கூடூரும் சூளூர்பேட்டையும் இதனோடு சேர்ந்தன. பழவேற்காடு ஏரியின் ஆந்திரப் பகுதியும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவும் அப்படித்தான் நம் மாவட்டத்துக்கு வந்தன. ஆக, திருப்பதிக்குக் கடல் கிடைத்து இன்னும் பத்து ஆண்டுகூட ஆகவில்லை.

ஆனால் இந்தச் சீமை கடலை நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. பலமநேரை அடுத்த கூர்மாயி கோயிலில் பெருமாள் ஆமை வடிவில், கூர்ம வரதராஜராக இருக்கிறார். ஆரணியாற்றங்கரையில் சுருட்டப்பள்ளி. பாற்கடலைக் கடைந்தபோது எழுந்த நஞ்சை உண்டுவிட்டு, அம்மை மடியில் தலைசாய்த்துச் சிவபெருமான் பள்ளிகொண்டிருக்கும் தலம். அதற்குப் பக்கத்தில் நாகலாபுரம். கிருஷ்ணதேவராயர் தம் தாயார் பெயரால் அமைத்த ஊர். அங்கே வேதநாராயணர் இடுப்புக்கு மேலே திருமாலாகவும் கீழே மீனாகவும் நிற்கிறார். ஆண்டுக்கு ஒருமுறை பங்குனி வாக்கில் மாலை வெயில் கோபுர வாசல் வழியே நுழைந்து முதல்நாள் பாதத்தையும், அடுத்தநாள் நாபியையும், மூன்றாம் நாள் திருமுடியையும் தொடும். சிறுவயதில் பாட்டியின் இடுப்பில் இருந்தபடி அதைப் பார்த்திருக்கிறேன். ஆமை, நஞ்சு, மீன். கடல் தெரியாத ஊர்கள் ஏன் இவற்றைக் கட்டிக் காத்தன என்பதற்கு வரலாற்றுக்காரர்கள் பதில் சொல்வார்கள். விலங்கியல்காரனான எனக்கு இன்னொரு செய்தி முக்கியம். சுருட்டப்பள்ளியைத் தொட்டு ஓடும் ஆரணியாறு பழவேற்காடு ஏரியில்தான் போய்க் கலக்கிறது.

பொன்முகலியும் அப்படித்தான். சந்திரகிரிப் பக்கத்து மலைகளில் பிறந்து, திருச்சானூரை ஒட்டி வந்து, காளத்தியில் கோயில் மதிலை உரசிக்கொண்டு போய், வங்கக் கடலில் விழுகிறது. ஆண்டில் பெரும்பாலும் மணலாகக் கிடக்கிற ஆறு. 2021 நவம்பர் மழையில் அது கரைபுரண்டு ஓடியதை இங்கே உட்கார்ந்திருக்கிற பலர் கண்ணால் பார்த்தீர்கள். வெள்ளம் வடிந்த மறுவாரம் நான் முகத்துவாரத்துப் பக்கம் போயிருந்தேன். தண்ணீர்ப் பைகள், செருப்புகள், கற்பூர டப்பாக்கள், பூச்சரம் கட்டிய நைலான் நூல், சாமி படம் அச்சிட்ட பாலித்தீன் உறைகள். திருமலையில் பிளாஸ்டிக் பாட்டில்களுக்குத் தடை வந்திருப்பது நல்ல காரியம். அடிவாரத்துக்கும் அந்தத் தடை இறங்கி வந்தால்தான் ஆற்றுக்குப் பயன். சொறிமீனைத் தின்று வாழும் கடலாமைக்கு, தண்ணீரில் மிதக்கும் பாலித்தீன் பைக்கும் சொறிமீனுக்கும் வித்தியாசம் தெரியாது.

இனி நம் கருத்தரங்கின் பொருளுக்கு வருகிறேன். சிறைப்பட்ட கடல் விலங்குகள் என்றதும் நம் கண்ணில் தோன்றுவது கண்ணாடித் தொட்டியும், வளையத்துக்குள் பாயும் டால்பின் என்னும் ஓங்கிலும்தான். நம் அருகிலேயே அது நடந்திருக்கிறது. 1990களின் இறுதியில் சென்னைக்குத் தெற்கே ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குப் பல்கேரியாவிலிருந்து ஓங்கில்களைக் கொண்டுவந்தார்கள். சில மாதங்களுக்குள் அவை இறந்துபோயின. ஓங்கில் காதால் உலகைப் பார்க்கிற பிராணி. தான் எழுப்பும் ஒலி திரும்பி வருவதை வைத்துத்தான் தூரத்தையும் இரையையும் துணையையும் அறிகிறது. சிமெண்டுச் சுவர்களுக்கு நடுவே அதன் குரல் எல்லாப் பக்கமும் மோதி அதன் மேலேயே வந்து விழும். திறந்த கடலில் பிறந்த உயிருக்கு அது என்ன வேதனை என்று அளக்க நம்மிடம் கருவி இல்லை.

2013 மே மாதம் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ஓங்கில் காட்சிக்கூடங்களுக்கு இனி அனுமதி இல்லை என்று அது திட்டமாகச் சொன்னது. கொச்சி முதலான இடங்களில் இருந்த திட்டங்கள் அதோடு நின்றன. இந்த நாடு எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்றாக அதை நான் நினைக்கிறேன். ஆனால் அந்தச் சுற்றறிக்கையோடு சிறை ஒழிந்தது என்று நாம் ஓய்ந்துவிட்டோம். நான் இங்கே சொல்ல வந்தது இதைத்தான்: தொட்டிகளை மூடிவிட்டோம், கடலுக்குள் கட்டிய சிறைகளை இன்னும் திறக்கவில்லை.

பங்குனி ஆமையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கரைக்கு அதிகம் வருவது இதுதான். நாற்பது கிலோவுக்கு அருகே எடை இருக்கும். மார்கழி தொடங்கிப் பங்குனி வரை இரவில் கரையேறும். பின்துடுப்புகளை மாற்றி மாற்றி, கரண்டியால் அள்ளுவதுபோல் மணலை எடுத்துக் குழி பறிக்கும். நூறு முட்டை அளவில் இடும். பிறகு குழியை மூடி, தன் உடம்பை இப்படியும் அப்படியும் சாய்த்து மணலை இடித்து இறுக்கும். அந்தத் தொம் தொம் ஓசையைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். வீடு மெழுகி முடித்த பெண் திண்ணையைத் தட்டிப் பார்ப்பதுபோல் இருக்கும்.

2025 ஜனவரியில் சென்னைக் கரையிலும் அதன் வடக்கிலும் தெற்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின என்று செய்திகள் வந்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. கண் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்த உடல்கள் மூச்சுமுட்டிச் செத்ததைக் காட்டின. அந்த மாதம் பழவேற்காட்டுக்கு வடக்கே நான் பார்த்த ஒரு பெண் ஆமையை நாய்கள் கிழித்திருந்தன. வயிற்றுக்குள் ஓடு கெட்டிப்பட்ட முட்டைகள் வரிசையாக இருந்தன. இன்னும் ஓரிரு இரவுகளில் இட்டிருக்கும்.

கடலாமை நீரில் மூழ்கிச் சாவது எப்படி என்று மாணவர்கள் கேட்பார்கள். அது நுரையீரலால் மூச்சு விடுகிற பிராணி. அமைதியாக இருந்தால் நீண்ட நேரம் தாங்கும். இழுவலை மடிக்குள் மாட்டிக்கொண்டால் தப்பிக்கத் திமிறும். திமிறத் திமிற இருக்கிற காற்று தீர்ந்துபோகும். விசைப்படகு மடியை மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகும். சிறை என்று நான் சொல்வது இந்த மடியைத்தான். தொட்டியில் அடைபட்ட ஓங்கில் சில மாதம் இருந்தது, மடியில் அடைபட்ட ஆமைக்கு ஒரு மணி நேரம்கூட நிச்சயமில்லை.

இதற்கு வழி தெரியாமலும் இல்லை. மடியின் கழுத்தில் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம். இறாலும் மீனும் கம்பிகளுக்கு இடையே உள்ளே போகும். ஆமை கம்பியில் மோதி, மேலேயோ கீழேயோ வைத்த திறப்பின் வழியே வெளியேறிவிடும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் வலைகளுக்கு ஏற்ற வடிவத்தை உருவாக்கித் தந்திருக்கிறது. டெட் என்று மீனவர்கள் சொல்வது இதைத்தான். பிறகு ஏன் படகுகளில் இல்லை? இந்தக் கருவி நம் கரைக்கு வந்த விதத்தில் பாதிப் பதில் இருக்கிறது. 1996இல் அமெரிக்கா, ஆமையைக் காக்காத நாட்டு இறாலை வாங்கமாட்டோம் என்றது. இந்தியாவும் தாய்லாந்தும் மலேசியாவும் பாகிஸ்தானும் உலக வர்த்தக அமைப்புக்குப் போயின. 1998இல் தீர்ப்பு வந்தது. 2019இல் நம் கடலில் பிடித்த இறாலுக்கு அமெரிக்கா மறுபடியும் தடை போட்டது. எனவே நம் மீனவர் காதில் டெட் என்பது யாரோ ஒரு வியாபாரியின் உத்தரவாக விழுந்ததே தவிர, தன் கடலின் காரியமாக விழவில்லை. அந்தக் கருவியின் திறப்பு வழியே தனக்கு எவ்வளவு இறால் போய்விடும் என்று அவர் கேட்கிறார். அந்தக் கேள்விக்குப் படகிலேயே ஏறி, அவர் கண்முன் நிறுத்துப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியது நம் கடமை. மேடையிலிருந்து சொன்னால் அவர் நம்பமாட்டார், நம்பவும் தேவையில்லை.

இன்னொரு சிக்கல் எல்லைக்கோடு. தமிழ்நாட்டில் கரையிலிருந்து 5 கடல்மைல், அதாவது 9 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், விசைப்படகுகள் இழுவலை போடக் கூடாது. ஆந்திரத்தில் அது 8 கிலோமீட்டர். ஆமை இந்த இரண்டு கணக்கையும் அறியாது. 2021இல் ஒடிசாவில் துடுப்பில் வளையம் பொருத்திய ஒரு பங்குனி ஆமை 2025 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் குஹாகர் கரையில் வந்து முட்டையிட்டது. 3500 கிலோமீட்டர் அளவு வழி. அவ்வளவு தூரம் போகிற உயிருக்கு மாநில எல்லையிலுள்ள தடா சோதனைச் சாவடி எம்மாத்திரம்? மீன்பிடித் தடைக்காலமும் கிழக்குக் கரை முழுவதும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். மீன் இனப்பெருக்கத்துக்காக வைத்த கணக்கு அது. ஆமைகள் கரையோரம் கூடும் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கடல் முழுக்கப் படகுகள்தான்.

இந்த இடத்தில் பழவேற்காட்டு மீனவ அண்ணன்மார்களிடமிருந்து நாம் கற்கவேண்டியது ஒன்று உண்டு. ஏரியில் இன்ன குப்பத்தார் இன்ன நாள் இன்ன இடத்தில் வலை கட்டலாம் என்று முறை வைத்துக்கொள்ளும் 'பாடு' வழக்கம் அங்கே தலைமுறைகளாக இருக்கிறது. அரசு எழுதிய சட்டம் அல்ல அது, ஊர் கூடி ஒத்துக்கொண்ட ஒழுங்கு. வடக்கே பட்டப்பு என்றும் தெற்கே பட்டினவர் என்றும் சொல்லிக்கொள்ளும் மக்கள் மாநில எல்லை வருவதற்கு முன்பிருந்தே உறவுக்காரர்கள். ஆமை கூடும் சில வாரங்களுக்கு, கூடும் இடங்களுக்கு மட்டும், அப்படியொரு பாடு வைக்க முடியுமா? இந்த இரண்டு நாளில் நான் கேட்க விரும்பும் கேள்வி இதுதான். கட்டுமரக்காரரும் நாட்டுப்படகுக்காரரும் விசைப்படகு முதலாளிகளும் ஒரே பாயில் உட்காராமல் இதற்கு விடை வராது.

அன்பினாலும் சிறை உண்டாகிறது. அதையும் சொல்லியாக வேண்டும். ஆமை முட்டைப் பொரிப்பகத்தில் குஞ்சுகள் வெளியே வந்ததும், யாராவது பெரியவர் வந்து விடட்டும், பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்க்கட்டும் என்று தொட்டியிலோ வாளியிலோ வைத்துக் காத்திருக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. குஞ்சின் வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள்கருதான் அதன் கட்டுச்சோறு. மண்ணைவிட்டு வெளியே வந்த முதல் ஒருநாள் அதற்கு ஒரு வெறி இருக்கும், நிற்காமல் நீந்திக் கரையைவிட்டு அகலும் வெறி. வாளிக்குள் சுற்றிச் சுற்றி நீந்தியே அந்த வலு தீர்ந்துவிடும். பிறகு பகல் வெளிச்சத்தில், கைதட்டலுக்கு நடுவே விட்டால் காக்கைக்கும் மீனுக்கும் எளிய இரை. வெளிவந்த இரவிலேயே, கூட்டமில்லாமல் விட்டுவிடுங்கள். இளம் நண்பர்களை இரந்து கேட்கிறேன். பொரிப்பக மணலின் சூட்டையும் கவனியுங்கள். மணல் சூடேறினால் பெண் குஞ்சுகளே மிகுதியாகும்.

ஆய்வு செய்வது எப்படி என்று மாணவர்கள் கேட்கும்போது கடலாமை ஆய்வாளர் சதீஷ் பாஸ்கரை நினைத்துக்கொள்வேன். 2023இல் மறைந்தார். 1982 மழைக்காலத்தில், படகுப் போக்குவரத்தே இல்லாத மாதங்களில், லட்சத்தீவின் ஆளில்லாத சுஹேலித் தீவொன்றில் பேராமைகளைக் கணக்கெடுப்பதற்காகத் தனியே தங்கினார். மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் பாட்டிலில் அடைத்துக் கடலில் விட்டார். அது இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் கிடைத்து, அவர் அதைத் தபாலில் சேர்த்தார். ஆமையைத் தொட்டியில் அடைத்துப் படிக்காமல், தன்னைத் தீவில் அடைத்துக்கொண்டு படித்த மனிதர். நம் துறைக்கு அவர்தான் முன்னோடி.

மீனவ அண்ணன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். மடியில் அசைவில்லாமல் ஆமை வந்தால் செத்தது என்று கடலில் தள்ளிவிடாதீர்கள். மல்லாத்திப் போடவும் வேண்டாம். வயிறு கீழே இருக்க, பின்பக்கத்தை ஒரு சாண் உயர்த்தி, ஓட்டின்மேல் ஈரத்துணி போட்டு நிழலில் வையுங்கள். நுரையீரலில் புகுந்த தண்ணீர் வடியும். சில மணி நேரம் கழித்தும் கண் திறந்த ஆமைகள் உண்டு. இதைச் செய்து பார்த்தவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். நாளைக் காலை முதல் அமர்வு முழுவதும் அவர்களுடையது. கட்டுரை வாசிப்பவர்கள் அதன்பிறகு பேசலாம்.

நாளை மாலை நான்கு மணிக்கு இந்த மண்டப வாசலிலிருந்து சூளூர்பேட்டை வழியாகக் கரைக்கு வண்டி புறப்படும். மாசி மாதம், கடற்காற்று குளிரும், போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். டார்ச் விளக்கின் முகப்பில் சிவப்புக் காகிதம் ஒட்டியிருக்க வேண்டும். செல்பேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சேலை வேண்டாம். ஆமையின் தடம் தெரிந்தால் முன்னே போகாதீர்கள், பின்னாலிருந்து நெருங்கி, மணலில் உட்கார்ந்துவிடுங்கள். அவள் குழியை மூடி இடித்து முடித்துத் தண்ணீருக்குத் திரும்பும் வரை யாரும் எழ வேண்டாம்.