ஏழு வயதுக்கு முன்னால்
(தாராவியில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் நம் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

  

கூட்டத்திற்குக் குழந்தைகளையும் கூட்டி வாருங்கள் என்று கேட்டிருந்தோம். கூட்டி வந்திருக்கிறீர்கள். அவர்கள் போடும் சத்தத்தில் எங்கள் பேச்சு கடைசி வரிசைக்குக் கேட்காமல் போகலாம். அவர்களை அடக்க வேண்டாம். அவர்களைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

நம் சந்தில் இருக்கும் நான்கு வயதுப் பிள்ளை ஒன்றின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். காலையில் ஆங்கில நர்சரி. வாயைத் திறந்து தமிழ் பேசினால் அதட்டல். மதியம் வந்து இரண்டு வாய் சோறு. மாலையில் ஓதுகிற பள்ளிக்கூடம். ஒரு புள்ளி வைத்த எழுத்தையும் இரண்டு புள்ளி வைத்த எழுத்தையும் மாற்றிச் சொன்னால் காதில் ஒரு திருகு. இரவில் டியூஷன். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, குழாயடியில் மராத்தி, நர்சரியில் ஆங்கிலம், மத்ரசாவில் அரபு. எங்களில் ஒருவர் வீட்டுப் பிள்ளை இப்படியே ஒரு வருடம் அலைந்தது. கடைசியில் எந்த மொழியிலும் பேசாமல், கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டத் தொடங்கியது. அதன் பிறகுதான் எங்களுக்குக் கண் திறந்தது.

இந்தப் பேச்சை எடுத்தால் நம்மவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்துகொள்கிறார்கள். ‘ஆங்கிலம் இல்லாவிட்டால் பிழைப்பு இல்லை, மார்க்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்பது ஓர் அணி. ‘மார்க்கம் போனால் எல்லாம் போச்சு, முதலில் ஓதட்டும்’ என்பது மற்றொரு அணி. இரண்டு அணியும் செய்கிற காரியம் ஒன்றேதான். விளையாட வேண்டிய பிள்ளையைப் பாயில் உட்கார வைத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். பிள்ளையின் அணியில் யாரும் இல்லை!

இஸ்லாம் இதைத்தான் கேட்கிறதா? தொழச் சொல்லிப் பிள்ளைகளை ஏவுவதற்கு நபிகள் நாயகம் குறித்துக் கொடுத்த வயது ஏழு என்பது ஆலிம்கள் அனைவரும் அறிந்த செய்தி. மார்க்கத்தின் தூணாகிய தொழுகைக்கே ஏழு வயது வரை பொறுத்திருக்கச் சொன்ன மார்க்கம், மூன்று வயதுப் பிள்ளையின் காதைத் திருகவா சொல்லும்? பெருமானார் தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்திருந்தபோது பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொண்டதும், அது தன் விளையாட்டை முடித்து இறங்கும் வரை அவர் தலையை உயர்த்தாமல் காத்திருந்ததும் நபிமொழித் தொகுப்பில் இருக்கின்றன. பின்னால் ஒரு குழந்தை அழும் குரல் கேட்டால், தாயின் மனம் தவிக்குமே என்று தொழுகையைச் சுருக்கிக்கொள்வார் என்பதும் இருக்கிறது. சிறுபிள்ளைகளைக் கடந்து போகும்போது அவரே அவர்களுக்கு ஸலாம் சொல்வார் என்பதும் இருக்கிறது. மழலைப் பள்ளிக்கு இதைவிட நல்ல பாடத்திட்டம் எங்கே கிடைக்கும்?

இனி மற்றொரு பக்கம் வருவோம். கிண்டர்கார்டன் என்ற ஜெர்மன் சொல்லுக்குக் குழந்தைகளின் தோட்டம் என்று பொருள். ஃப்ரோபெல் என்ற கல்வியாளர் 1840இல் அந்தப் பெயரை வைத்தார். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் ஆயிஷியா என்ற முஸ்லிம் மாதர் இயக்கம் 1919இல் ஒரு மழலைப் பள்ளியைத் தொடங்கியபோது, தயக்கமில்லாமல் ஃப்ரோபெல் பெயரையே வைத்தது. பின்னாளில் அது ‘புஸ்தானுல் அத்பால்’ ஆயிற்று. அதற்கும் குழந்தைகளின் தோட்டம் என்றுதான் பொருள்! அந்தத் தாய்மார்கள் விளையாட்டையும் மார்க்கத்தையும் எதிரெதிராக நிறுத்தவில்லை. ஒரே தோட்டத்தில் இரண்டையும் வளர்த்தார்கள்.

மாண்டிசோரி என்று பெயர்ப்பலகை கண்டால் அது பணக்காரர் பள்ளி என்று நாம் ஒதுங்கிப் போகிறோம். மரியா மாண்டிசோரி அம்மையார் 1907இல் ரோம் நகரில் தம் முதல் பள்ளியைத் திறந்தது சான் லொரென்சோ என்ற உழைப்பாளர் குடியிருப்பில். தாயும் தகப்பனும் வேலைக்குப் போய்விட, படிக்கட்டில் தனியாக விடப்பட்ட பிள்ளைகள்தான் அவருடைய முதல் மாணவர்கள். நம் பிள்ளைகளைப் போன்றவர்களே! 1939இல் அவர் சென்னை அடையாறுக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இங்கே அன்றைய தாணே மாவட்டத்து போர்டி கிராமத்தில் 1945இல் தாராபாய் மோடக் அம்மையார் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு, கையில் கிடைக்கும் விதையையும் கல்லையும் இலையையும் கொண்டே பாடம் நடத்தும் முறையைத் தொடங்கினார்.

ஆகவே, இரண்டையும் இணைப்பது என்றால் ஒரு மணி நேரம் ஆங்கிலப் பாட்டு, ஒரு மணி நேரம் சூரா என்று கடிகாரத்தைப் பங்கு போடுவது அல்ல. பிள்ளை செய்கிற ஒவ்வொரு வேலையிலும் நெறி கலந்திருக்க வேண்டும். நாங்கள் சொல்வதை ஒரு நாள் நடப்பாகவே சொல்கிறோம்.

காலையில் பிள்ளை வந்ததும் ஆசிரியை முந்திக்கொண்டு ஸலாம் சொல்லட்டும். செருப்பை ஜோடியாக வைப்பது முதல் பாடம். ஒளு செய்வது போலக் கையும் முகமும் கழுவுவது இரண்டாவது பாடம். எந்த உறுப்பு முதலில், எந்த உறுப்பு அடுத்து என்ற வரிசை அதிலேயே வந்துவிடுகிறது. ஒளுவிலும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்பது மார்க்கம். விடியற்காலையில் குழாயடியில் குடத்தோடு நின்ற உம்மாவைப் பார்த்த பிள்ளைக்கு அந்தப் பாடம் எளிதில் ஏறும். பேரீச்சங்கொட்டைகளை எண்ணிப் பிரித்தால் அது கணக்கு. ரமலானில் நோன்புக் கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி, நம் வரிசையில் எத்தனை வீடு, எத்தனை கிண்ணம் என்று எண்ணி, முருகன் படம் மாட்டிய வீட்டுக்கும் சிலுவை மாட்டிய வீட்டுக்கும் சேர்த்துக் கொடுத்து வந்தால், கணக்கும் ஈகையும் அண்டை வீட்டார் உரிமையும் ஒரே பாடமாகிவிடும். வழியில் கிடக்கும் கண்ணாடித் துண்டை எடுத்து ஓரமாகப் போடுவதும் தர்மம் என்று சொல்லிக் கொடுங்கள். நம் சந்தில் அதற்குப் பஞ்சமே இல்லை!

இவை எல்லாம் தமிழில் நடக்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளைக்கு உண்மை, இரக்கம், நன்றி என்பவை புரியாத சொற்களால் வாரா. இதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. நம் முன்னோர் அரபு எழுத்திலேயே தமிழை எழுதி, அரபுத்தமிழ் என்ற ஒன்றை வளர்த்து, அதன் வழியாக வீட்டுப் பெண்களுக்கும் மார்க்கத்தை விளங்க வைத்தார்கள். உமறுப் புலவர் நபிகளின் வரலாற்றைச் சீறாப்புராணமாகத் தமிழில்தான் பாடினார். அரபு எழுத்தும் ஆங்கில எழுத்தும் தாராளமாக வரட்டும். பிள்ளையின் கைவிரல் பென்சில் பிடிக்கப் பக்குவப்பட்ட பிறகு வரட்டும். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் மூன்று முதல் எட்டு வயது வரையிலான படிப்பை விளையாட்டு வழியில் நடத்தச் சொல்கிறது. இயன்ற இடங்களில் வீட்டு மொழியே பயிற்று மொழி என்றும் சொல்கிறது. எழுதி வைத்தவர்களிடம்தான் நாம் அதைக் கேட்கிறோம்.

இங்கே சட்டத்தையும் தெரிந்துகொள்வோம். முழுவதும் அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் மத போதனை கூடாது என்று அரசியல் சட்டத்தின் 28ஆவது பிரிவு கூறுகிறது. அது சரியே. ஆகவே அங்கன்வாடியை மத்ரசா ஆக்கச் சொல்லி நாம் கேட்கவில்லை. சிறுபான்மையினர் தங்கள் கல்வி நிலையத்தைத் தாங்களே அமைத்து நடத்த 30ஆவது பிரிவு உரிமை தருகிறது. நம் மழலைப் பள்ளி அந்த உரிமையில் நிற்கலாம். ஆறு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் பராமரிப்பும் கல்வியும் வழங்க அரசு முயல வேண்டும் என்று 2002இல் திருத்தப்பட்ட 45ஆவது பிரிவு சொல்கிறது. 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்தின் சத்துணவும் தடுப்பூசியும் நம் பிள்ளைக்கும் உரியவை. நாம் தனிப் பள்ளி வைத்துவிட்டோம் என்பதற்காக அந்த உரிமையை விட்டுக்கொடுக்கலாகாது. தமிழ்ப் பிள்ளைகள் நிறைந்த அங்கன்வாடிகளில் தமிழ் தெரிந்த ஊழியர் வேண்டும் என்ற கோரிக்கையையும் கைவிடலாகாது.

ஆசிரியையின் வயிற்றையும் நினைக்க வேண்டும். அங்கன்வாடி ஊழியர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அரசை நோக்கி அந்த நியாயத்தைப் பேசும் நாம், நம் பள்ளியில் படித்த பெண்பிள்ளையைச் சேவை என்ற பெயரில் சொற்பக் கூலிக்கு வைத்தால் அது என்ன மார்க்கம்? உழைத்தவரின் வியர்வை உலரும் முன் கூலி கொடுக்கச் சொன்ன நபியின் பெயரால் நடக்கும் பள்ளியில் சம்பளப் பாக்கி இருக்கக் கூடாது.

சங்கத்தின் முடிவுகளைச் சொல்லி முடிக்கிறோம். பள்ளியில் பிரம்பு கிடையாது. நுழைவுத் தேர்வு கிடையாது. எந்த மதத்துப் பிள்ளைக்கும் கதவு திறந்திருக்கும். துஆ சொல்லும் நேரத்தில் அவர்களைக் கட்டாயப்படுத்துவது இல்லை. மாதம் ஒரு நாள் பெற்றோர் வந்து பாயில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பட்டறையில் வேலை செய்யும் வாப்பாமார்களும் வர வேண்டும். ‘அது பெண்கள் வேலை’ என்று தப்பித்துக்கொள்ளலாகாது.

ஊரை விட்டு வந்தபோது நம்மால் வீட்டைத் தூக்கி வர முடியவில்லை. நிலத்தைத் தூக்கி வர முடியவில்லை. நாவில் தமிழும் நெஞ்சில் ஈமானும் வந்தன. அந்த இரண்டையும் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது அவர்கள் அழாமல் வாங்கிக்கொள்ள வேண்டும். பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அழுகிற பிள்ளை, வீட்டுக்கு வரமாட்டேன் என்று அழும் நாள் எதுவோ, அன்றுதான் நாம் சரியான பள்ளியை நடத்துகிறோம் என்று பொருள்.