“வடை சூடா இருக்கு சார்!”

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

விற்பனைத் துறையில் இருபத்தைந்து வருஷம் ஓட்டியவன் நான். வேலைக்குப் போகும் நம் மாணவர்கள் என்னிடம் கேட்கும் ஒரு சந்தேகம்: “சார், அட்டாச் ரேட்னு சொல்றாங்களே, நிஜமாவே அப்படி ஒரு வார்த்தை உண்டா? இல்ல, மேனேஜருங்க நம்மை மிரட்ட உண்டாக்கினதா?”

உண்டு. ஒரு பொருளை வாங்கியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் அதோடு துணைப் பொருளையும் வாங்கினார்கள் என்ற கணக்குதான் அது.

சிதம்பரத்தில் ஓட்டலுக்குப் போகிறோம். இட்லியோடு கொத்சு தானாக வரும். அதற்குத் தனி பில் கிடையாது. அது இந்தக் கணக்கில் சேராது. சர்வர் குனிந்து, “வடை சூடா இருக்கு சார்” என்கிறார் பாருங்கள், அங்கேதான் விஷயமே ஆரம்பம்! இட்லி சாப்பிட்ட 100 பேரில் 40 பேர் வடையும் வாங்கினால் அட்டாச் ரேட் 40 சதவீதம். திருப்பாதிரிப்புலியூர் செல்போன் கடையில் உறை, டி.வி. கடையில் கூடுதல் வாரண்டி, எல்லாம் இதே கணக்கு. வீடியோ கேம் தொழிலில் ஒரு மெஷினுக்குச் சராசரியாக எத்தனை கேம் விற்றது என்று பார்ப்பார்கள். ‘டை ரேஷியோ’ என்றும் சொல்வார்கள். மெஷினில் லாபம் சொற்பம், சில சமயம் நஷ்டம்கூட, காசு கேமில்தான். ஆகவே சொல்லும் நிஜம், தேவையும் நிஜம்.

ஆனால் ஒன்று. வடை எத்தனை விற்றது என்று அந்த எண் சொல்லும். வாங்கியவர் ஆசைப்பட்டு வாங்கினாரா, வேறு வழியில்லாமல் வாங்கினாரா என்று அது சொல்லாது.

சம்பா பருவத்தில் யூரியா தட்டுப்பாடு வந்தால் நம் பக்கத்து விவசாயிகள் சொல்லும் புகார் உங்களுக்குத் தெரியும். யூரியா கேட்டால், கூடவே ஒரு ‘இணைப் பொருள்’ வாங்கு என்பார்கள். எல்லாக் கடையையும் சொல்லவில்லை. வேளாண் துறையும் இதைக் கண்டித்துப் பலமுறை எச்சரித்திருக்கிறது. அப்படிக் கட்டாயப்படுத்தும் கடையில் அட்டாச் ரேட் என்ன? நூற்றுக்கு நூறு! பரீட்சையில் நூறு வாங்கினால் மாலை போடலாம். இங்கே நூறு வந்தால் விசாரிக்க வேண்டும்.

என் வயது பி.காம். நண்பர்கள் 1969-ஆம் வருஷத்து எம்.ஆர்.டி.பி. சட்டத்தைப் படித்தது நினைவிருக்கும். அது 2009-ல் போய்விட்டது. ஆனால் ‘இதை வாங்கினால்தான் அது’ என்பதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் கட்டுப்பாட்டு வணிக நடைமுறை என்றே சொல்கிறது.

இங்கிலாந்தில் வங்கிகள் கடனோடு காப்பீட்டையும் சேர்த்துத் தள்ளின. பலருக்குத் தாம் வாங்கியதே தெரியாது. புகார் கொடுக்க 2019 ஆகஸ்டு வரை அவகாசம் தந்தார்கள். திருப்பிக் கொடுத்த தொகை 3,800 கோடி பவுண்டுக்கு மேல்! விற்ற அன்று அதுவும் நல்ல அட்டாச் ரேட்டாகத்தான் தெரிந்திருக்கும்.

தம்பி, தங்கைகளே! நாளைக்கு உங்களுக்கும் டார்கெட் வரும். பயப்படாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். கணக்கு பில்லை வைத்தா, பொருளின் எண்ணிக்கையை வைத்தா? ‘வேண்டாம்’ என்று சொன்னவருக்கு முதல் பொருள் கிடைத்ததா? வாங்கியவர் எத்தனை பேர் திருப்பிக் கொண்டுவந்தார்கள்? மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் தைரியமாக விற்கலாம். அது வியாபாரம். வராவிட்டால், அந்த எண்ணுக்குக் கீழே உங்கள் கையெழுத்தைப் போடும் முன் யோசியுங்கள். கம்பெனி மாறலாம், கையெழுத்து உங்களுடையது.