அஞ்சறைப்பெட்டியும் உலகச் சந்தையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

தமிழ் கற்பிக்கும் ஒருத்திக்கு வணிக அரசியலில் என்ன வேலை என்று தாங்கள் கேட்கலாம். அவ்வரசியல் நம் வீட்டு அஞ்சறைப்பெட்டி வரை வந்துவிட்ட பின், அதனைப் பொருளியல் அறிஞரிடம் மட்டும் விட்டுவிடுவதற்கில்லை என்பதே என் விடை.

1995ஆம் ஆண்டு சனவரியில் உலக வர்த்தக அமைப்பும், அதனோடு இணைந்த அறிவுசார் சொத்துரிமை உடன்பாடும் நடைமுறைக்கு வந்தன. அதே ஆண்டு மார்ச்சுத் திங்களில், புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையம் காப்புரிமை பெற்றது. அடிபட்ட இடத்தில் மஞ்சளைக் குழைத்துப் பூசுவது நம் பாட்டிமார் அறியாததா? ஆனால், பாட்டிமாரின் சான்று அங்கே செல்லவில்லை. பிற நாட்டு மக்களின் வழக்கில் மட்டும் இருந்த ஒன்றை முன்னரே அறியப்பட்டதாக அன்றைய அமெரிக்கச் சட்டம் ஏற்கவில்லை. அச்சேறிய சான்று வேண்டும் என்றது. நம் நாட்டின் அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் பழைய நூல்களையும், 1953ஆம் ஆண்டின் மருத்துவ இதழ்க் கட்டுரை ஒன்றையும் எடுத்துக்காட்டி மறு ஆய்வு கோரிய பின்னரே, 1997இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. அந்தச் சட்டமும் 2011இல் திருத்தப்பெற்று, 2013 முதல் பிற நாட்டு வழக்குகளையும் கணக்கில் கொள்கிறது. ஆயினும், வழக்கு என்று வந்துவிட்டால் எழுத்தே இன்றும் வலிய சாட்சி.

எனக்கு வருத்தம் தருவது இதுதான். எழுதுகோல் யார் கையில் இருந்தது? மருத்துவ நூல்களை ஏட்டில் எழுதியவர் பெரும்பாலும் ஆடவர். பிள்ளைப்பேற்று மருந்தும், குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் உரைமருந்தும் பெண்களின் நாவிலும் கையளவிலுமே வாழ்ந்தன. ஒரு மூதாட்டி மறையும்போது எழுதப்படாத ஒரு சுவடியும் அவருடன் எரிகிறது.

2001இல் நம் நாடு மரபறிவு மின்னூலகம் ஒன்றைத் தொடங்கியது. சித்த, ஆயுர்வேத, யுனானி நூல்களில் உள்ள மருந்து முறைகள் அங்கே ஆங்கிலம், பிரெஞ்சு, செருமானியம், ஸ்பானியம், சப்பானியம் ஆகிய 5 மொழிகளில் தொகுக்கப்பட்டுள்ளன. கணிப்பொறியால் விளைந்த நற்பணிகளுள் இதனை முதன்மையாகச் சொல்வேன். எனினும், கணிப்பொறிக்கு முன்னே தமிழ் அறிந்தவர் ஒருவர் அமர வேண்டும். மஞ்சள், கஸ்தூரி மஞ்சள், மரமஞ்சள் என மூன்று பெயர்கள் உள. முதலிரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள். மூன்றாவதோ முற்றிலும் வேறொரு கொடி. சொல்லில் பிழைத்தால் மருந்தில் பிழைத்ததாகும். அகராதிப் பணியும் சுவடிப் பதிப்பும் பயனற்றவை என்போர்க்கு இதுவே மறுமொழி.

இரண்டு எச்சரிக்கைகளையும் கூறியாக வேண்டும். பழையது என்பதாலேயே ஒன்று நலம் தருவதாகிவிடாது. 1997இன் தீர்ப்பு, அம்முறை புதியதன்று என்று கூறிற்றேயன்றி, அது எப்புண்ணையும் ஆற்றும் என்று கூறவில்லை. ஆய்வின்றிப் பெருமை பேசுதல் அறிவுடைமை ஆகாது. அடுத்து, உரிமையைக் காத்தல் வேறு. உழவர் வயிறு நிறைதல் வேறு. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, மகிழ்ச்சியே. அக்குறியீடு பெயரைக் காக்கும். சந்தையில் விலை வீழ்ந்தால் தாங்கிப் பிடிக்காது. 2024இல் செனீவாவில் ஏற்கப்பட்ட உடன்படிக்கை, மரபறிவின் அடிப்படையில் காப்புரிமை கேட்போர் அவ்வறிவை அளித்த மக்களைக் குறிப்பிட வேண்டும் என்கிறது. அவ்வாறு குறிப்பிடுவதற்கும் நம்மிடம் பதிவு வேண்டும் அல்லவா?

எனவே இவ்வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். பதினோராம் ஆண்டில், உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் தெருவின் மூத்த பெண்மணி ஒருவரிடம் அமர்ந்து, அவர் இசைவுடன், அவர் அறிந்த கைம்மருந்துகளைக் கேட்டெழுதுங்கள். செடியின் வட்டாரப் பெயர், பயன்படும் உறுப்பு, அளவு, பக்குவம், ஊர், நாள், சொன்னவர் பெயர் ஆகியவை தவறாமல் இடம்பெறட்டும். கைப்பேசியில் குரலையும் பதிவு செய்யுங்கள். கவிதை அரங்கேற்றுவதைப்போலவே இதுவும் இலக்கியப் பணியே என்பது என் துணிபு.