ஓய்வு நேரத்தின் உழைப்பு: மா. கிருஷ்ணன்



தமிழில் ‘பொழுதுபோக்கு’ என்றொரு சொல் வழங்கி வருகிறது. கையில் மிஞ்சிக் கிடக்கும் நேரத்தை எப்படியேனும் தள்ளிவிடுவது என்பதே அச்சொல் தரும் பொருள். ஊதியம் கருதாது ஒரு கலையில் ஈடுபடுவோரை ஆங்கிலத்தில் ‘அமெச்சூர்’ என்பர். அச்சொல்லின் இலத்தீன் வேரோ ‘அன்பு செய்பவர்’ எனப் பொருள்படுவது. ஒரே செயலை ஒரு மொழி அன்பின் பக்கத்திலும், மற்றொரு மொழி நேரக்கழிவின் பக்கத்திலும் வைத்துள்ளமை கருதத்தக்கது. பகலெல்லாம் தறிக்குழியில் கால் வைத்து நூலோடு பழகிவிட்டு, விளக்கு வைத்தபின் வேறொரு நூலைக் கையில் எடுப்பவர்கள் வாழும் அம்மாபேட்டையில் இவ்வேறுபாட்டை நீட்டி விளக்க வேண்டுவதில்லை. பஞ்சையும் நூலையும் கொண்டு இலக்கண நூலுக்கே உவமை கூறிய நன்னூலார் இந்தத் தெருக்களில் நடந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

அன்பின் பக்கத்தில் வைத்து எண்ணத்தக்க ஒருவர் மா. கிருஷ்ணன். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் எட்டு மக்களுள் இளையவர். 1912 சூன் 30இல் திருநெல்வேலியில் பிறந்தவர். தந்தையும் ஓய்வு நேர எழுத்தாளரே. உப்பு, ஆயத்தீர்வைத் துறையில் அலுவல் பார்த்துக்கொண்டே தமிழிலும் ஆங்கிலத்திலும் நாவல் படைத்தார். ஓய்வு பெற்றபின் அச்சகம் நிறுவிப் ‘பஞ்சாமிர்தம்’ இதழ் நடத்தினார். 1925 அக்டோபரில் சென்னைப் பல்கலைக்கழக ஆட்சி மன்றத்தில், பட்டப்படிப்பில் தமிழ் கட்டாயமாக வேண்டும் என்று பேசி அமர்ந்தவர் அங்கேயே உயிர் நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது பதின்மூன்று.

அந்நாளைய மயிலாப்பூர் இன்றைய மயிலாப்பூர் அன்று. வீட்டைச் சுற்றிப் புதர்க்காடு, நரி ஊளையிடும். பதினொரு வயதுப் பையன் கீரிப்பிள்ளை ஒன்றை வளர்த்தான் என்றால் அது வியப்பன்று. மாநிலக் கல்லூரியில் பயின்றபோது தாவரவியற் பேராசிரியர் ஃபைசன் அவருக்கு வாய்த்தார். நீலகிரி, பழனி மலைகளின் செடிகொடிகளை ஆராய்ந்து நூல் செய்தவர் அவர். அவரோடும் அவர் துணைவியாரோடும் மலைகளில் அலைந்து திரிந்த மாணவர், அவ்வம்மையாரிடம் நீர்வண்ண ஓவியம் கற்றுக்கொண்டார். வகுப்பறைப் படிப்பில் கிருஷ்ணன் சிறந்து விளங்கவில்லை. முதுகலைப் பட்டமும் சட்டப் பட்டமும் பெற்றும் அவை சோறு போடவில்லை. கோட்டோவியங்களும் கேலிச் சித்திரங்களும் வரைந்து, இதழ்களுக்கு எழுதிக் காலம் தள்ளினார்.

1942இல் பெல்லாரிப் பகுதியில் இருந்த சண்டூர் சமத்தானத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. ஆசிரியர், நீதிபதி, விளம்பர அலுவலர், அரசரின் செயலர் எனப் பல பதவிகளை அங்கே மாறி மாறி வகித்தார். அலுவல் எதுவாயினும் மனம் ஆடு மேய்த்தலிலும் புறா வளர்த்தலிலும் இருந்தது. புறாக்களைக் கொண்டு அஞ்சல் அனுப்பும் முயற்சியிலும் அவர் இறங்கினார். இதனை வேடிக்கை எனத் தள்ளுவது எளிது. ஆனால், ஒரு பறவை எந்தத் திசையில், எவ்வளவு தொலைவிலிருந்து வீடு திரும்பும் என்பதை ஏட்டில் கற்பவன் வேறு, புறாவைக் கையிலேந்திப் பறக்கவிட்டு வானம் பார்த்து நிற்பவன் வேறு. பிற்காலத்தில் கிருஷ்ணன் எழுதியவற்றில் காணும் உறுதி இத்தகைய காத்திருப்பில் விளைந்ததே. 1949இல் சமத்தானம் இந்தியாவோடு இணைந்தது. வேலை போயிற்று. சென்னை திரும்பிய அவர் பின்னர் எவரிடமும் கைகட்டி வேலை பார்க்கவில்லை.

அவருடைய புகைப்படக் கருவியைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக் கருவியை விலை கொடுத்து வாங்கும் வசதி அவரிடம் இல்லை. ஒரு கருவியின் உடலும், வேறொரு கருவிக்குரிய தொலைவில்லையும், இன்னும் எங்கெங்கோ கிடைத்த உறுப்புகளும் சேர்த்துத் தாமே ஒன்றைப் பிணைத்தார். அதன் கனத்தைத் தாமே எள்ளி, ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் இட்டார். அசாமில் தேயிலைத் தோட்டத்தில் பணிபுரிந்துகொண்டே விலங்குகளை ஆராய்ந்த ஈ.பி. ஜீ, இக்கருவியைக் கண்டு தம் நூலில் நகைச்சுவையோடு எழுதியுள்ளார். செருப்பு வாரைக் கண்டதாகச் சத்தியம் செய்ய முடியாவிடினும், எங்கோ ஓரிடத்தில் கம்பி கட்டாயம் இருந்திருக்கும் என்பது அவர் கருத்து. விழுது அறுந்தால் முடிந்துகொண்டும், நாடா தேய்ந்தால் இழைத்துக்கொண்டும், அச்சு தளர்ந்தால் கயிறு கொடுத்துக் கட்டியும் அன்றைய பாவை அன்றே முன்னேற்றும் நெசவாளர்க்கு இந்தக் கருவி அயலானதன்று. தன் கையால் கட்டிய கருவியின் குறை அதைக் கட்டியவனுக்குத் தெரியும். எவ்வளவு ஒளியில் அது காலை வாரும், எவ்வளவு தொலைவில் உருவம் மங்கும் என்பன அவன் கைக்கு மனப்பாடம்.

அக்கருவியோடு அவர் காட்டில் நடந்தும் யானை மீதமர்ந்தும் படம் எடுத்தார். வண்ணச் சுருள்கள் பெருகிய பின்னரும் இறுதிவரை கருப்பு வெள்ளையிலேயே நின்றார். இது பிடிவாதம் என்பாரும் உளர். காட்டு யானையின் தோல் மடிப்பையும் மூங்கில் நிழலையும் வண்ணமின்றிக் காட்ட வல்லவர்க்கு அது பிடிவாதமாகத் தோன்றியிராது. படச்சுருள் காலத்தில் எடுத்த படம் உடனே கண்ணுக்குத் தெரியாது. ஒரு சுருளில் கிட்டும் வாய்ப்புகளோ மிகச் சில. ஆகவே விசையை அழுத்தும் முன் பார்த்தாக வேண்டும். கையடக்கத் தொலைபேசியில் நொடிக்கொரு படம் எடுக்கும் இக்காலத்தவர்க்கு இது விளங்குவது கடினம். ஒரு சொல்லை எழுதி அடித்து மீண்டும் எழுதிப் பழகிய கவிஞர்க்கு விளங்கும்.

1950 முதல் கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை அவர் எழுதிய பத்தி நாற்பத்தாறு ஆண்டுகள் நடந்தது. ஆயிரத்திற்கும் மேற்பட்ட கட்டுரைகள்! புலியும் யானையும் மட்டும் அவற்றில் உலவவில்லை. காக்கை, அணில், மைனா, வீட்டுப் பல்லி, கொல்லைப்புறத்து மரநாய் ஆகியனவும் இடம்பெற்றன. 1961இல் வெளிவந்த அவரது ஆங்கில நூலின் தலைப்பே காட்டையும் கொல்லைப்புறத்தையும் இணைத்து நிற்பது. 1968இல் நேரு ஆய்வுநல்கை, மேலும் பத்மஸ்ரீ என்று சிறப்புகள் வந்து சேர்ந்தன. புலிகள் காப்புத் திட்டத்தின் வழிகாட்டுக் குழுவிலும் அவர் இருந்தார். ஆயினும் அயல்நாட்டு மரங்களை அழகுக்காக நட்டு, மண்ணின் மரங்களை ஒழிப்பதை அவர் கடிந்தது போல் அக்காலத்தில் கடிந்தோர் சிலரே.

இங்கே ஒரு குறையைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. தமிழுக்காகப் பேசியவாறே உயிர்விட்ட தந்தைக்கு மகனாகப் பிறந்தவர், தம் வாழ்நாள் எழுத்தின் மிகப் பெரும் பகுதியை ஆங்கிலத்தில் எழுதினார். தமிழில் எழுதத் தெரியாமல் அன்று. எழுதினார், நன்றாக எழுதினார். அவர் தமிழ்க் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் தொகுக்க, ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் நூலாகக் காலச்சுவடு 2002இல் வெளியிட்டது. அப்போது கிருஷ்ணன் மறைந்து ஆறாண்டுகள் ஆகியிருந்தன. எழுதுகிறவன் பிழைக்கும் இடத்தில்தான் எழுதுவான் என்று ஒருபுறம் அமைதி கொள்ளலாம். மறுபுறம், சிறுகதைக்கும் தொடர்கதைக்கும் பக்கம் ஒதுக்கிய தமிழ் இதழுலகம் அணிலுக்கும் பல்லிக்கும் நாற்பதாண்டு இடம் கொடுத்திருக்குமா என்ற வினா எழுகிறது. குற்றம் கிருஷ்ணன் மேல் மட்டும் இல்லை.

இவ்வினா கவிஞர்களையும் தொடும். மாவும் மரமும் புள்ளும் கருப்பொருள் எனத் தொல்காப்பியர் வகுத்தார். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கினார். இன்றைய கவிதையிலோ ‘ஏதோ ஒரு பறவை’ பறக்கிறது. ‘பெயர் தெரியாத பூ’ மலர்கிறது. பெயர் தெரியாமையே ஓர் அழகு என்று போற்றவும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். குமரகிரி ஏரிக்கரையில் நின்று கரிச்சானையும் செம்போத்தையும் பிரித்தறிய ஆய்வுப்பட்டம் வேண்டுவதில்லை. புதுவையில் ஆட்சிப் பணியில் இருந்த பி.எல். சாமி, கோப்புகளுக்கு இடையே சங்க இலக்கியத்தின் செடிகொடிகளையும் விலங்குகளையும் புள்ளினங்களையும் அடையாளம் கண்டு தனித்தனி நூல்களாக எழுதினார். தமிழ்த்துறைகள் செய்திருக்க வேண்டிய பணியை ஓய்வு நேரத்தில் செய்தவர் அவர். பாடலில் உள்ள பறவையைக் காண அவர் உரையாசிரியரோடு நிற்காமல் உயிர்நூலையும் நாடினார். கிருஷ்ணன் எதிர்த்திசையில் வந்தார். முதலில் பறவை, பிறகு சொல்.

எண்பது வயதைக் கடந்த பின்னும் பதினைந்து நாள் கணக்கு அவரிடம் தவறவில்லை. 1996 பிப்ரவரி 18இல் சென்னையில் அவர் மறைந்தார். அந்தப் பத்தியின் கடைசிக் கட்டுரை ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் அச்சாகி வந்தது அதே நாளில்.