ஒரே சட்டத்தில் பல காட்சிகள்



பாம்புக்கும் எள்ளுக்கும் பொருந்துமாறு காளமேகப் புலவர் சிலேடை பாடியதை நாம் அறிவோம். சொல் ஒன்று, பொருள் இரண்டு. காமிராவிலும் இத்தகைய சிலேடை உண்டு. பிலிமை நகர்த்தாமல் ஒரே சட்டத்தின்மீது பலமுறை ஒளியை விழச் செய்தால், காட்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிகின்றன. பழைய பெட்டிக் காமிராவில் பிலிமைச் சுற்ற மறந்தோர்க்கு இது பிழையாக நேர்ந்தது. இன்றைய டிஜிட்டல் காமிராக்கள் பலவற்றில் இதற்கெனவே தனி அமைப்பு உண்டு.

இதன் கணக்கு எளிது. பிலிம் தன்மீது விழும் ஒளியைக் கூட்டும், கழிக்க அறியாது. ஆதலின், ஒரு காட்சிக்கு 1/60 விநாடி ஒளி வேண்டுமெனில், இரண்டு காட்சிகளுக்கு 1/125 விநாடி வீதமும், நான்கு காட்சிகளுக்கு 1/250 விநாடி வீதமும் தருதல் வேண்டும். வெளிச்சம் நிறைந்த இடத்தில் பின்வரும் உருவம் மறைந்துபோம். இருண்ட இடமே அடுத்த காட்சிக்கு இடங்கொடுக்கும்.

குற்றவாளிகளுக்கெனப் பொதுவான முகச்சாயல் உண்டோ என ஆராய்ந்த பிரான்சிஸ் கால்ட்டன் என்னும் ஆங்கிலேயர், கைதிகளின் முகப்படங்களை இவ்வாறே ஒரு தகட்டில் அடுக்கிப் பதித்தார். குற்றத்தின் சாயல் அதில் தோன்றவில்லை. தோன்றியது சாதாரண மனித முகமே. இதனை அவரே 1878இல் எழுதினார்.

சிறை என்றதும் இத்தீவினர்க்கு நினைவு வருவது, முன்னர் போர்ட் பிளேர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்துச் செல்லுலார் சிறையன்றோ! 1896இல் தொடங்கி 1906இல் முடிந்த அக்கட்டடத்திற்கு, நடுக்கோபுரத்தினின்று சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல் ஏழு கிளைகள் இருந்தன. இன்று எஞ்சியவை மூன்று. ஒரு கிளையின் அறைவாயில்கள் அடுத்த கிளையின் முதுகையே நோக்கும். கைதியைக் கைதி காணலாகாது என்பதே கட்டியோர் கருத்து.

ஒரு மாலைப்பொழுதில் அங்கே நான்கு கதவுகளை ஒரே சட்டத்தில் பதிக்க முயன்றேன். முதல் முயற்சியில் வானமும் உட்புகுந்து, படம் வெளுத்துக் கெட்டது. மறுமுறை வானத்தை விலக்கி, இருண்ட அறைகளையும் அவற்றின்முன் வெயில் பட்ட கம்பிகளையும் மட்டும், ஒவ்வொரு முறையும் காமிராவைச் சற்றே சாய்த்து, மூன்று கிளைகளிலும் நடந்து எடுத்தேன்.

கதவென்று சொல்லத்தக்க வடிவம் அப்படத்தில் இல்லை. குறுக்கும் நெடுக்குமாக ஒளிக்கோடுகளே உள்ளன. அலுவலக நண்பர் ஒருவர் அதனைப் பார்த்து, "மீன் வலையா?" என்று வினவினார். நான் விளக்கியபின் நெடுநேரம் அவர் பேசவில்லை. ஒன்றையொன்று காணாதிருக்குமாறு அமைக்கப்பெற்ற வாயில்கள், அச்சிறு சட்டத்தினுள் ஒன்றோடொன்று கலந்து நின்றன.